வெளிய போயிருக்கா, வந்ததும் சொல்றேன்

இன்று காலை கீழே சரக்குக் கிட்டங்கியில் மிளகாய் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். சிம்மக்கல்லில் இது புதிதில்லை. நெடி மாடிப்படி ஏறி வந்து, கதவிடுக்கில் நுழைந்து, என் கண்ணிலும் மூக்கிலும் உட்கார்ந்துகொண்டது. தும்மினேன். அடுத்த தும்மலுக்குக் காத்திருந்தேன். என்னுடையதற்கு அல்ல, உன்னுடையதற்கு. இந்த அறையில் நான் தும்மினால் எதிர் நாற்காலியிலிருந்து நீ அதைவிடப் பெரிதாக ஒன்று போட்டு, "இந்த நெடியில உக்காந்து எப்படிடீ ஆள் பிடிக்கிற? வர்றவன் எல்லாம் அழுதுக்கிட்டே வேலைக்குச் சேருவானா?" என்பாய். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. அதில் யாரும் தும்மவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தாகப் போகிறது. கை தானாகப் போனை எடுத்தது.

அந்தப் போனைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஆவி, பேய் என்று வாயெடுத்தாலே அம்மா பைபிளைத் திறந்து சங்கீதம் வாசிக்க உட்கார்ந்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியும்.

என் தொழிலை நீ மரியாதையாகச் சொன்னதே கிடையாது. கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் ஆட்களைத் தேடிக் கொடுக்கிறாள் என்று அம்மா பசுமலை சர்ச் வாசலில் நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தால், நீ பக்கத்தில் நின்று, "புள்ள பிடிக்கிற வேலை ஆண்ட்டி. சாக்கு மட்டும்தான் இன்னும் வாங்கல" என்பாய். படிக்கிற காலத்தில் என்னுடைய புரோகிராமையும் சேர்த்து எழுதிக் கொடுத்தவள் நீ. அதனால்தான் நான் எழுதுகிறவளாக ஆகாமல், எழுதுகிறவர்களைத் தேடுகிறவளாக ஆனேன் என்பதும் உன்னுடைய கிண்டல்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

நீ சென்னைக்குப் போனாய். பணம் அனுப்புகிற செயலிகளின் உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓடுகிற பகுதியை எழுதினாய். ஒரு பைசா இடம் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றாய். நன்றாக இருந்தாய். பிறகு பேரையூரில் உன் அம்மாவுக்கு ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு வந்தாய். அம்மா படுத்திருந்த மூன்று வருடமும் நீ அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. அவர் போன பிறகு ஒருநாள் இந்த மாடிப்படி ஏறி வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தும்மல் தும்மிவிட்டு, "என்னையும் பிடிச்சுக் குடுடீ" என்றாய்.

உன்னை விடத் திறமையான ஆள் என் கையில் அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் என் தொழிலில் கேப் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வேலையில்லாமல் இருந்த காலம். ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்கள் எல்லாரும் சின்ன வயசுக்காரர்கள், "கேப் இருக்கிறவங்க மட்டும் வேணாம்க்கா" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ரொட்டிப் பாக்கெட்டில் தேதி பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். எதையும் மறைக்காமல், சண்டை போட்டுப் போட்டு உன்னை அனுப்பினேன். ஒரு பையன் இன்டர்வியூவில், "மூணு வருசமா என்ன பண்ணீங்க?" என்று கேட்டான். "அம்மாவப் பாத்துக்கிட்டேன்" என்றாய். "அது தவிர?" என்றான். "அது தவிர, கொஞ்சம் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு வந்ததாக இந்தப் படியில் நின்று என்னிடம் சிரித்தாய். கீழே இறங்கும்போது நீ சிரிக்கவில்லை. நான் மேலிருந்து பார்த்தேன்.

அப்போதுதான் புள்ளி வித்தையை உனக்குச் சொன்னேன். வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் தங்கள் விவரத்தை ஏற்றி வைத்திருக்கிற போர்ட்டலில், அன்றன்றைக்குத் திருத்திச் சேமித்தவர்களின் பெயர்தான் மேலே வரும். எங்களைப் போன்றவர்கள் காலை பத்து மணிக்குத் தேட உட்காருவோம். அதற்கு முன்னால் உள்ளே போய், ஏதாவது ஒரு வாக்கியத்தின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துச் சேமிக்க வேண்டும். மறுநாள் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டுச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான், பெயர் மேலே நிற்கும். நீ தினமும் செய்தாய். இடையிடையே அந்தப் போர்ட்டல், "இப்போது வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்கும். நீ இல்லை என்று அமுக்குவாய். "கல்யாண வீட்டுல கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டே இருக்குடீ" என்பாய். பெயர் என்னவோ மேலேதான் நின்றது. பார்த்தவர்கள் கேப்பைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். உன் போன் அடிக்கவே இல்லை. "ஆளத் தேடுறது ஈசிடீ. நம்மள ஒருத்தர் தேடணும், அதுதான் கஷ்டம்" என்று ஒரு மழை நாளில் சொன்னாய்.

ஐப்பசி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் அப்பா தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரசம் சோறு, இட்லி, கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொண்டு வந்தார். ஒரு வாய்கூட உள்ளே தங்கவில்லை. அப்படியே மூடி எடுத்துப் போவார், மறுபடி கொண்டு வருவார். பஸ் கண்டக்டராக இருந்து ஊர் ஊராகச் சாப்பிட்ட மனுஷன், அந்த நாட்களில் தானும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது உன் கையில் போன் இருந்தது. அப்பாவைக் கிட்டே அழைத்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாய். என்ன என்று நான் கேட்கவில்லை. பிறகு உன்னைப் பேரையூருக்குக் கொண்டு போனார்கள். காரியம் முடிந்த அன்றைக்கு அந்தத் தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது அதைப் பார்த்துத்தான்.

மாசியில் ஒருநாள் ஒரு புதுக் கம்பெனிக்காக ஆள் தேட உட்கார்ந்தேன். உன்னுடைய வேலைதான், பணம் அனுப்புகிற செயலி. வேண்டிய திறமைகளைத் தட்டினேன். பட்டியல் வந்தது. முதல் பெயர் உன்னுடையது. உன் படம், அந்த நீலச் சுடிதார். பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு வரி. இன்று திருத்தப்பட்டது.

பழைய பக்கம் எங்காவது தங்கியிருக்கும் என்று நினைத்தேன். இயந்திரங்கள் தப்புச் செய்யும், அதைச் சரிசெய்யத்தானே உன்னைப் போன்றவர்களைத் தேடுகிறார்கள். மறுநாள் பார்த்தேன். இன்று திருத்தப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உன் கேப்பைக் காணோம். சென்னைக் கம்பெனியை விட்ட தேதி அழிந்துபோய், அங்கே 'இன்று வரை' என்று இருந்தது. மொத்த அனுபவம் என்கிற இடத்தில் வருடங்கள் கூடியிருந்தன. அடுத்த மாதம் பார்த்தபோது ஒரு மாதம் கூடியிருந்தது. நீ போன பிறகும் உன் அனுபவம் வளர்ந்துகொண்டிருந்தது.

அதோடு அந்தப் புள்ளி. உன்னைப் பற்றி நீ எழுதியிருந்த கடைசி வாக்கியத்தின் முடிவில் ஒருநாள் அது இருக்கும், மறுநாள் இருக்காது. தினமும் காலையில் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். மிளகாய் நெடி இல்லாத நாளிலும் கண் எரிந்தது. ஒருநாள் துணிந்து ஆபீஸ் போனிலிருந்து உன் எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. தூரத்தில் ஒரு கோழி கத்தியது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பட்டியலின் பக்கமே போகவில்லை. பட்டப்பகலில், கீழே மூட்டை தூக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருக்க, எனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

பங்குனிக் கடைசியில் அந்தப் புதுக் கம்பெனிக்காரன் கூப்பிட்டான். நம் ஊர்ப் பையன், சென்னையில் தொழில் நடத்துகிறான். அவர்களிடம் ஆட்களைத் தானாகவே போனில் கூப்பிட்டு, முதல் சுற்றுக் கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. தமிழும் பேசும். போர்ட்டலில் மேலே இருக்கிறவர்களை அதுவே எடுத்துக் கூப்பிட்டுக்கொள்ளும், யாரிடமும் கேட்காது.

"அக்கா, ஒரு கேண்டிடேட்டுக்கு மெஷின் போட்டிருக்கிற மார்க்கப் பாருங்க. இம்புட்டு மார்க் நான் பாத்ததே இல்ல. மதுரைக்காரங்கதான். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா வியாழக்கிழமை வீடியோ இன்டர்வியூ ஃபிக்ஸ் பண்ணுங்க. விட்றாதீங்க" என்றான். சொன்ன பெயர் உன் பெயர்.

"பேசினதைக் கேட்டியா தம்பி?" என்றேன்.

"அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்? ரிப்போர்ட் மட்டும்தான் பாத்தேன். ரெக்கார்டிங் அனுப்புறேன், நீங்க கேளுங்க."

அனுப்பினான். நான் சன்னலைத் திறந்து வைத்தேன். கதவையும் திறந்து வைத்தேன். உன் குரல் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேனா, வந்துவிட வேண்டும் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அமுக்கினேன். ஒரு பெண் குரல், குழையாத சுத்தமான தமிழில், உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது. பதில் இல்லை. ஒரு மூச்சு. அதே மூச்சு. எங்கோ ஒரு கோழி.

"எம்பிள்ளையப் பத்தியா கேக்குற, தாயி?" என்றது உன் அப்பாவின் குரல்.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இயந்திரம் விடாமல் அடுத்ததைக் கேட்டது. நீங்கள் எதிர்கொண்ட கடினமான சூழ்நிலை ஒன்றைச் சொல்லுங்கள்.

"கஷ்டம்னா... அவ அம்மா விழுந்துட்டா. பாப்பா மெட்ராஸ்ல எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வந்துருச்சு. தூக்கி உக்கார வைக்கும், வாயத் தொடச்சு விடும், முதுகுல புண்ணு வரக் கூடாதுன்னு திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கும். மூணு வருசம் தாயி. ஒரு நா லீவு இல்ல. ஒரு நாளாவது மொகஞ் சுளிச்சிருக்குமா, கிடையாது. கடைசியில ஆத்தா போகையில வாயில பால் ஊத்துனதும் அதுதான்."

அருமை என்றது இயந்திரம். அந்த அனுபவத்தில் நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

கோழி மறுபடி கத்தியது. பிறகு, "கத்துக்கிற வேண்டியது நாந்தான் தாயி" என்றார்.

உங்கள் நேரத்துக்கு நன்றி என்று வைத்துவிட்டது. கீழே மதிப்பீடு இருந்தது. விண்ணப்பதாரர் ஒரு நீண்ட நெருக்கடியை இடைவிடாமல் கையாண்டவர். பொறுப்பேற்கும் குணம் மிக அதிகம். அடுத்த சுற்றுக்குப் பரிந்துரை. உன்னைப் பற்றி இதைச் சொல்ல ஒரு மனிதரும் கிடைக்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒரு இயந்திரம் சொன்னது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் மேசையைத் தட்டினேன்.

மறுநாள் காலை பேரையூர் பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டி, வெயில் காய்ந்த கரிசல் இரண்டு பக்கமும் வாய் பிளந்து கிடந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இல்லாத ஆளை எல்லா ஊர்க் கம்பெனிக்காரர்களும் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வியாழக்கிழமைக்கு உனக்கு ஒரு இன்டர்வியூ வேறு காத்திருந்தது. எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான்.

அப்பா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் சிக்னல் வருமாம். போன் சார்ஜரோடு கட்டில் மேல் இருந்தது. சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சவரம் செய்த முகம். வேலைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். சுவரில் உன் அம்மாவின் படம் மாலையோடு தொங்கியது. பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"பாப்பா படத்த மாட்டலையாப்பா?" என்றேன்.

"மாட்டலாம்னுதான் ஆணி அடிச்சேன். மாட்டிட்டா, கேக்குறவங்ககிட்ட வெளிய போயிருக்கான்னு சொல்ல வாய் வராது தாயி." எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒருத்தி கூப்பிட்டுப் பேசாம வச்சுட்டா. நீதான?" என்றார். தலையாட்டினேன். "மூச்சு விட்டதுலயே நெனச்சேன். பயந்துட்டியோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் நீ அவருக்குக் காட்டியது அந்தப் புள்ளியைத்தான். நீ எழுந்து வருகிற வரைக்கும் தினமும் பத்து மணிக்குள் இதைச் செய்துவிட வேண்டும், பெயர் கீழே போய்விடக் கூடாது என்றாயாம். அவர் செய்துகொண்டிருக்கிறார். நீ எழுந்து வருகிற வரைக்கும் என்று சொல்லிவிட்டதால், எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது அப்பப்ப ஒரு கேள்வி கேக்கும், வேலையில இருக்கீங்களான்னு. பாப்பா இல்லேன்னு போடுமாம். நான் ஆமான்னு போட்டேன்" என்றார்.

"ஏன்ப்பா?"

"என்ன ஏன்? அவ ஆத்தாளத் தூக்கித் தொடச்சு, ஊட்டி, ராப்பகலா முழிச்சிருந்தாளே, அது வேலை இல்லியா? சும்மா உக்காந்திருந்த பிள்ளைன்னு போடச் சொல்றியா?" குரல் உயர்ந்தது. பிறகு அடங்கியது. "அப்படிப் போட்டதுக்கு அப்புறந்தான் போன் வர ஆரம்பிச்சுச்சு."

அந்த ஒரு 'ஆம்' உன் கேப்பை விழுங்கிவிட்டது. எத்தனையோ பேரிடம் நான் மன்றாடியும் நடக்காதது, கண்டக்டர் அப்பாவின் ஒரு விரலால் நடந்துவிட்டது. நீ உயிரோடு இருந்தபோது அடிக்காத போன், நீ போன பிறகு நாள் தவறாமல் அடித்தது.

நான் இருக்கும்போதே அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். பெங்களூரிலிருந்து ஒரு பெண், என்னைப் போல ஒருத்தி. மேடம் இருக்காங்களா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"வெளிய போயிருக்கா. வந்ததும் சொல்றேன். என்ன வேலைம்மா?" என்றார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். "ஆபீசுலயே சாப்பாடு போடுவாங்களா? நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே நன்றாக இருக்கும் என்றாள். "அதச் சொல்லணும் அவகிட்ட" என்று வைத்தார். வைத்த பிறகு அவர் முகம், பஸ்ஸில் எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடித்தவர் முகம் மாதிரி நிம்மதியாக இருந்தது.

அந்த வீட்டில், அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில், நீ கடைக்குப் போயிருப்பதாகவே இருந்தது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன் என்றால் நீ சிரிப்பாய். பார்த்தேன்.

"அவ இல்லேன்னு எனக்குத் தெரியும் தாயி. கொள்ளி வச்சவன் நானு. புத்தி பெசகல" என்றார், நான் நினைத்ததைக் கேட்டுவிட்டது போல. "ஊருக்குள்ள யாரும் இப்ப அவ பேரச் சொல்றதில்ல. என்னப் பாத்தா பேச்ச மாத்துறாங்க. இதுல மட்டும்தான், பேரச் சொல்லி, இருக்காங்களான்னு ஒருத்தர் கேக்குறாங்க. அம்புட்டுத்தான்."

என்னால் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல முடியவில்லை. அவரேதான் கேட்டார். "நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். இத எடுக்கணும், அதான?"

"ஆமாப்பா."

"பாப்பா பேரு மேல நின்னா, வேற பிள்ளைக பேரு கீழ போகுமோ?"

"போகும்ப்பா."

"பாப்பா மாதிரி வீட்டுல யாரையாச்சும் பாத்துக்கிட்டு இருந்துட்டு வந்த பிள்ளைகளும் இருக்குமோ அதுல?"

"இருக்கும்."

போனின் சார்ஜரைக் கழற்றினார். பிறகு போனை என் கையில் கொடுத்தார். "நீயே அமுக்கு. என் வெரலு போகாது."

நான் உள்ளே போனேன். அழிப்பதற்குக் காரணம் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது, இப்போது தேடவில்லை, வேறு என்று இருந்தது. நீ போய்விட்டாய் என்று சொல்ல அதில் இடமில்லை. வாசித்துக் காட்டினேன். "வேலை கெடச்சிருச்சுன்னு போடு" என்றார். போட்டேன். வாழ்த்துகள் என்று திரையில் கலர் கலராகக் காகிதப் பூக்கள் விழுந்தன. இரண்டு பேரும் அது அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் கிளம்பும்போது அப்பா வாசல் வரைக்கும் வந்தார். "எடுத்தது சரிதான். ஆனா இனிமே யாரு தாயி அவளக் கேப்பா?" என்றார்.

"நான் கேக்குறேம்ப்பா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன்.

சென்னைப் பையனிடம் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றேன். "சே, யாரோ முந்திட்டாங்க" என்று வருத்தப்பட்டான். ஆமாம் தம்பி என்றேன். அவனுக்கு இன்னொரு பெண்ணை அனுப்பியிருக்கிறேன். மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள், நல்ல கெட்டிக்காரி. உன் ரிப்போர்ட்டை அவனுக்கு ஞாபகப்படுத்தி, அதே குணம்தான் இவளுக்கும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு உன் எண்ணுக்குக் கூப்பிடுகிறேன். மேடம் இருக்காங்களா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். "வெளிய போயிருக்கா, வந்ததும் சொல்றேன். என்ன வேலைம்மா?" என்பார். என் கையில் அன்றைக்கு இருக்கிற வேலை எதுவோ, உனக்குப் பொருந்துகிறதைச் சொல்வேன். பொய் சொல்வதில்லை, எல்லாம் நிஜமான வேலைகள்தான். சாப்பாடு எப்படி என்று கேட்பார். அதையும் சொல்வேன். நான்தான் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு பேரும் காட்டிக்கொண்டதே இல்லை. நான் சில நாள் ஹைதராபாத், சில நாள் கோயம்புத்தூர். "எந்த ஊருல இருந்து பேசுற தாயி?" என்று கேட்டு, அங்கே மழையா வெயிலா என்றும் விசாரிப்பார்.

இன்று காலை மிளகாய் நெடியில் தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டேன். எடுத்தார்.

"மேடம் இருக்காங்களா?" என்றேன்.

வழக்கமான பதில் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் ஆள் இருக்கும்போது பேசுகிற மாதிரி, "இருக்கா தாயி. இப்பத்தான் வந்தா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. கொஞ்ச நேரங் கழிச்சுக் கூப்பிடுறியா?" என்றார்.

பின்னால் தரையில் ஒரு தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

அவருக்கு வயதாகிவிட்டது. தனியாக இருக்கிறார். நான் இந்நேரம் பேரையூர் பஸ் ஏறியிருக்க வேண்டும், மதியம் ஏறிவிடுவேன். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. பயமும் பிறகுதான் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவர் சொன்ன அந்த நொடியில், எனக்கு வந்தது சந்தோஷம். ஆஸ்பத்திரியில் மூடி மூடி எடுத்துப் போன அந்தத் தூக்குச்சட்டியை நினைத்து நினைத்து எத்தனை நாள் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை தெரியுமா? சாப்பிடுகிறாயே, அதுவே போதும் என்று இருந்தது.

"சரிங்கப்பா. மேடம் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தேன்.

இன்னும் கூப்பிடவில்லை. போன் மேசை மேல் இருக்கிறது. எதிரே உன் நாற்காலி. கீழே மிளகாயை அள்ளி முடித்துவிட்டார்கள், நெடி அடங்கிவிட்டது. இன்றைக்கு உனக்கென்று ஒரு நல்ல வேலை எடுத்து வைத்திருக்கிறேன், கேப் இருந்தால் பரவாயில்லை என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டும். அவசரமில்லை. மெதுவாகச் சாப்பிடு.